திடலில் கோடு போட்ட பயிற்றுநர்



விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் மாலையில் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்ட அனுபவமுள்ள ஆசிரியர்கள் இக்கட்டுரையை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் அவ்வேலைக்கெனத் தனியாள் கிடையாது. கயிற்றைப் பிடிப்பவரும் ஆசிரியர்தான். சுண்ணாம்பைக் கரைப்பவரும் ஆசிரியர்தான். மறுநாள் காலையில் அவரே ஒலிவாங்கியைப் பிடித்து அறிவிப்பாளராகவும் நிற்பார். நானும் பல ஆண்டுகள் அப்படி நின்றவன்தான்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தந்தை எழுந்து, "ஐயா, இவ்வளவு சின்னப் பள்ளியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். அன்று நான் ஏதோ மழுப்பலாக விடை கூறிவிட்டு அமர்ந்துவிட்டேன். அதன் பிறகு எட்டி ராபின்சன் என்னும் அமெரிக்கப் பயிற்றுநரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது அந்தத் தந்தையின் கேள்வி எனக்குள் வேறொரு கேள்வியாக மாறியிருந்தது. அதனை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். இங்கே நான் குறிப்பிடும் காற்பந்து நம் மாணவர்கள் ஆடும் காற்பந்து அன்று, அமெரிக்கக் காற்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடக்கும் ஆட்டம். அணிக்கு 11 பேர்; எல்லைக்கு எல்லை 100 கெஜம். அந்நாட்டில் இவ்வாட்டம் கல்லூரிகளில் வேரூன்றி வளர்ந்தது. ஒரு கல்லூரியின் பெயர் நாடெங்கும் தெரிய வேண்டுமானால் அதன் காற்பந்துக் குழு வெல்ல வேண்டும் என்னும் நிலை அங்கே நூறாண்டுகளுக்கு மேலாக உள்ளது. வெல்வதற்குப் பணம் வேண்டும், திடல் வேண்டும், ஆட்டக்காரர் வேண்டும். இவை எவையும் இல்லாத இடம் கிராம்ப்ளிங்.

கிராம்ப்ளிங் என்பது லூசியானா மாநிலத்தின் வடபகுதியில், ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிற்றூர். அப்பகுதியின் கறுப்பினக் குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டுமென்று ஒன்றுகூடி, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்விக்கழகத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டனிடம் உதவி கேட்டனர். அவர் சார்ல்ஸ் பி. ஆடம்ஸ் என்பவரை அனுப்பிவைத்தார். 1901-இல் பள்ளி தொடங்கியது. பாட்டாளிகள் தம் பிள்ளைகளுக்காகத் தாமே முனைந்து எழுப்பிய பள்ளி என்று படித்தவுடன் என் மனம் நம் தோட்டப்புறங்களுக்குப் போய்விட்டது. அதை விரித்தால் கட்டுரை வேறு வழியில் சென்றுவிடும். பிற்காலத்தில் அப்பள்ளியை மாநில அரசு ஏற்றது. 'லூசியானா நீக்ரோ ஆசிரியர் பயிற்சி, தொழிற்கல்விக் கழகம்' என்று நீண்ட பெயரும் சூட்டியது. திடலில் ஆர்ப்பரிக்கும் மாணவர்கள் இப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி எல்லையைக் கடந்துவிடும் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு அங்கே உண்டு. 1946-இல்தான் அது கிராம்ப்ளிங் கல்லூரி ஆயிற்று; 1974-இல் பல்கலைக்கழகம் ஆயிற்று.

எட்டி ராபின்சன் 1919-ஆம் ஆண்டு லூசியானாவின் ஜேக்சன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்டவர். தாய் வீட்டு வேலை செய்தவர். பின்னர் குடும்பம் மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜுக்குக் குடிபெயர்ந்தது. அவர் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது உயர்நிலைப்பள்ளிப் பயிற்றுநர் ஒருவர் தம் ஆட்டக்காரர்களைச் சீருடையுடன் அழைத்து வந்து காட்டினாராம். ஆட்டக்காரர்களைக் காட்டிலும் அந்தப் பயிற்றுநரின் தோற்றமும் அவர் சொல்லுக்கு மாணவர்கள் கட்டுப்பட்ட விதமும் சிறுவனைக் கவர்ந்தன. அன்றே தம் தொழிலை முடிவுசெய்துவிட்டதாக ராபின்சன் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார்.

ஆனால், லீலண்டு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற பின்னும் பயிற்றுநர் வேலை கிடைக்கவில்லை. பேட்டன் ரூஜில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தார். 1941-இல் கிராம்ப்ளிங் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் அவரை அழைத்து வேலை கொடுத்தார். அப்போது ராபின்சனுக்கு வயது 22. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட்.

அந்தச் சம்பளத்திற்கு அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். காற்பந்துக் குழுவுக்கு அவரே பயிற்றுநர். ஆண்கள், பெண்கள் கூடைப்பந்துக் குழுக்களுக்கும் அவரே. திடலில் புல் வெட்டியதும் கோடு போட்டதும் அவர்தான். ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிய செய்தியையும் எழுதிச் செய்தித்தாள்களுக்கு அனுப்பினார். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பினத்தவருக்கு உணவளிக்கமாட்டா. ஆகவே, புறப்படுமுன் குழு முழுமைக்கும் ரொட்டியில் இறைச்சி வைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். அதையும் அவரே தயாரிப்பார். இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு நம் பள்ளிகளின் புறப்பாடப் பொறுப்பாசிரியர்கள் சிலரின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

முதலாண்டில் 3 வெற்றி, 5 தோல்வி. இரண்டாம் ஆண்டில், அதாவது 1942-இல், ஆடிய 9 ஆட்டங்களிலும் வெற்றி. அதுமட்டுமன்று, அந்த ஆண்டு முழுவதும் எதிரணி எதுவும் கிராம்ப்ளிங்குக்கு எதிராக ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து வரலாற்றில் இது மிக அரிதாகவே நிகழ்ந்த ஒன்று. ஆனால், 1943, 1944-ஆம் ஆண்டுகளில் போரின் காரணமாகக் கல்லூரியில் குழுவே இல்லாமற்போயிற்று. ராபின்சன் உள்ளூர் உயர்நிலைப்பள்ளிக் குழுவைப் பயிற்றுவித்தார். அப்போது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியை ஆசிரியர்கள் அறிய வேண்டும். பருத்தி எடுக்கும் பருவம் வந்தவுடன் ஒரு தந்தை தம் மகன்களைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார். வயலில் வேலை கிடக்கிறது, ஆட்டத்திற்கு எப்படி அனுப்புவது என்பது அவர் நிலை. ராபின்சன் அவரோடு வாதாடவில்லை. குழுவினர் அனைவரையும் அழைத்துக்கொண்டு வயலுக்குப் போய்ப் பருத்தியை எடுத்துக் கொடுத்தார். மகன்கள் திரும்பி வந்தனர்.

பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்தத் தந்தையின் வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

வெற்றி பெறும் குழுவை ஒருவர் தனியாக உருவாக்கிவிட முடியாது. கிராம்ப்ளிங்கில் மேலும் இருவர் இருந்தனர். ஒருவர் கல்லூரித் தலைவர் ஜோன்ஸ். 1936 முதல் 1977 வரை அவரே தலைவர். அவரே பேஸ்பால் பயிற்றுநரும்கூட. விளையாட்டை அறிந்த தலைமை என்பதால் பயிற்றுநரின் வேலையில் குறுக்கிடாமல் அவருக்குக் காலத்தைக் கொடுத்தார். இன்னொருவர் 1948-இல் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலராக வந்த காலி நிக்கல்சன். போரின்போது கடற்படைப் பிரிவில் போர்முனைச் செய்தியாளராகப் பணிபுரிந்தவர். பெரிய செய்தித்தாள்கள் கிராம்ப்ளிங்கைத் திரும்பியும் பாராத காலத்தில், நாடெங்குமுள்ள கறுப்பினத்தவர் இதழ்களுக்கு ஓயாமல் எழுதி அனுப்பினார். கல்லூரிக் குழு பெரிய நகரங்களுக்குச் சென்று ஆடும் திட்டங்களுக்கும் அவர் பேருழைப்பு நல்கினார். 1968-இல் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் மார்கன் ஸ்டேட் கல்லூரியோடு ஆடியபோது 60,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அன்று கிராம்ப்ளிங் 7-9 என்று தோற்றது. ஆனால், பெயர் நிலைத்துவிட்டது. 1976-இல் அதே இரு குழுக்களும் தோக்கியோவில் ஆடின. சிற்றூரிலிருந்து தோக்கியோ வரை! நம் பள்ளிகளில் நடக்கும் நல்லவற்றை எழுதுவதற்கு ஆளில்லையே என்று இங்கே ஏங்கினேன்.

இனி ஆட்டக்காரர்களுக்கு வருவோம். தொழில்முறை லீக் அந்நாளில் கறுப்பினத்தவர் கல்லூரிகளைப் பொருட்படுத்துவதில்லை. 1949-இல் கிராம்ப்ளிங்கின் பால் யங்கர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் குழுவில் சேர்ந்தார். 'டேங்க்' என்பது அவரது பட்டப்பெயர். எதிரே நிற்பவரைப் பீரங்கி வண்டிபோல் மோதித் தள்ளிச் செல்வார். கறுப்பினத்தவர் கல்லூரியொன்றிலிருந்து அந்த லீக்கில் ஆடிய முதல் மனிதர் அவரே. அவர் தோற்றால் அடுத்தவருக்கு வாய்ப்புக் கிடைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை அவரும் அறிவார், பயிற்றுநரும் அறிவார். அவர் தோற்கவில்லை. 1963-இல் அப்போதைய இன்னொரு தொழில்முறை லீக்கின் ஆட்டக்காரர் தேர்வில், நாட்டின் எல்லாக் கல்லூரிகளையும் தாண்டி முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். அவர் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் பள்ளிப்படிப்பை முடித்தவர். அவருடைய சொந்த மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம் தன் காற்பந்துக் குழுவில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் அது. வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோரையும் சேர்த்து, ராபின்சனிடம் பயின்ற நால்வர் தொழில்முறைக் காற்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றுள்ளனர். அவரிடம் பயின்று தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றவர்கள் 200-க்கும் மேற்பட்டோர்.

இவர்களுக்குள்ளும் ஒரு தடை எஞ்சியிருந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைப் பெற்று, எதிரணியின் அமைப்பைக் கணித்து, அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பவர். சிந்திக்கும் இடம் அது என்பதால் கறுப்பினத்தவர் அதற்கு ஏலார் என்று தொழில்முறைக் குழுக்கள் கருதின. கல்லூரியில் அவ்விடத்தில் ஆடியவர்களையும் வேறிடத்திற்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் இதற்கு விடை காணப் பல ஆண்டுகள் திட்டமிட்டார். 1965-இல் வந்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்னும் இளைஞரைத் தொழில்முறைக் குழுக்களின் முறைப்படியே பந்தெறியப் பயிற்றுவித்தார். யார் கேட்டாலும் இடம் மாறாதே என்று அறிவுறுத்தினார். 1969-இல் ஹாரிஸ் எட்டாம் சுற்றில்தான் தேர்வானார். ஆயினும், அவ்வாண்டின் முதல் ஆட்டத்திலேயே பஃபலோ பில்ஸ் குழுவின் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார். அவருக்குப் பின் வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31-இல் சூப்பர் போல் இறுதியாட்டத்தில் வாஷிங்டன் குழுவை 42-10 என்று வெற்றிக்கு வழிநடத்தி, ஆட்ட நாயகனாகவும் தேர்வானார். அவ்விறுதியாட்டத்தில் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். 23 ஆண்டுகள் முன்பு ஒரு சிற்றூர்த் திடலில் விதைத்ததன் விளைச்சலைக் காண ராபின்சனும் அன்று அரங்கில் இருந்தார்.

விளையாட்டில் வென்றால் படிப்பில் பின்தங்குவர் என்று அஞ்சும் பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராபின்சன் விடியற்காலையில் மாட்டு மணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவர் விடுதியின் நடைவழியில் அடித்துக்கொண்டே நடப்பார். வகுப்புக்கு எழுப்பத்தான், பயிற்சிக்கு அன்று. பயணங்களில் மாணவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிய வேண்டும். அவரும் படிப்பதை நிறுத்தவில்லை. 1954-இல் வடக்கே அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1985-இல் டாலஸ் நகரில் தம் 324-ஆவது வெற்றியைப் பெற்று, அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்றுநர் பேர் பிரையண்டின் 323 வெற்றிகளைக் கடந்தார். 1995-இல் 400-ஐத் தொட்ட முதல் கல்லூரிப் பயிற்றுநர் ஆனார். 1997-இல் ஓய்வுபெறும்போது 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. பிறகு வேறு பயிற்றுநர்கள் அந்த எண்ணிக்கையைக் கடந்துவிட்டனர். என்னை அதிகம் ஈர்த்த எண் வேறு: 1941 முதல் 1997 வரை ஒரே கல்லூரி.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது மேடையில் பேசுவதற்கேற்ற வெற்றிக்கதை. ஆனால், வரலாறு அங்கே நிற்கவில்லை. கிராம்ப்ளிங் பெருமை பெற்ற அதே காலத்தில், அதற்கு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து சேர்த்த சுவர் இடியத் தொடங்கியது. தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைத் தம் குழுக்களில் சேர்க்காத வரையில், லூசியானாவிலும் அலபாமாவிலும் பிறந்த திறமைசாலிகளுக்குக் கிராம்ப்ளிங் போன்ற கல்லூரிகளே புகலிடம். தென்கிழக்குக் கூட்டிணைவில் 1967-இல் கெண்டக்கிப் பல்கலைக்கழகக் குழுவில் முதன்முதலாக ஒரு கறுப்பின ஆட்டக்காரர் களமிறங்கினார். 1970-களின் தொடக்கத்தில் மற்றப் பல்கலைக்கழகங்களும் கதவைத் திறந்தன. பெரிய அரங்கம், புதிய உடற்பயிற்சிக் கூடம், தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆகிய எல்லாம் அங்கே இருந்தன. நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போகத் தொடங்கினர்.

இதை யார் குறை சொல்ல முடியும்? தம் மாணவர்களும் எவருக்கும் குறைந்தவர் அல்லர் என்று மெய்ப்பிக்கத்தானே ராபின்சன் உழைத்தார்? அவர் அனுப்பிய ஒவ்வோர் ஆட்டக்காரரும் பெரிய பல்கலைக்கழகங்களின் கண்ணைத் திறந்தனர். திறந்த கண்கள் அவருடைய வாசலிலிருந்தே பிள்ளைகளை அழைத்துச் சென்றன. தாம் வென்றதாலேயே தம் கல்லூரி மெலிந்தது. உடனே அன்று, டக் வில்லியம்ஸ் போன்றவர்கள் 1970-களிலும் வந்துகொண்டுதான் இருந்தனர். ஆயினும், கடைசி மூன்று பருவங்களில் தோல்விகளே மிகுந்தன. 1996-இல் 3 வெற்றி, 8 தோல்வி. அவரை விலக்கிவிடப் பேச்செழுந்தது. பொதுமக்களிடையே எதிர்ப்பு எழவே, இன்னும் ஓராண்டு கொடுத்தனர். அந்த ஆண்டும் 3 வெற்றி, 8 தோல்விதான். அதன்பின் டக் வில்லியம்ஸ் பயிற்றுநராகத் திரும்பி வந்து, 2000 முதல் 2002 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அவர்களது கூட்டிணைவின் வாகையைப் பெற்றுத் தந்தார்.

2013-இல் நடந்தது மேலும் வருத்தமானது. மாநில அரசு உயர்கல்விக்கான நிதியைப் பல ஆண்டுகளாகக் குறைத்துவந்தது. கட்டடங்களில் பூஞ்சை பிடித்திருந்தது. நெடுந்தொலைவுகளைப் பேருந்திலேயே கடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறையாகப் பயிற்றுநராக இருந்த வில்லியம்ஸும் செப்டம்பரில் விலக்கப்பட்டார். அக்டோபரில் ஆட்டக்காரர்கள் பயணப் பேருந்தில் ஏற மறுத்துவிட்டனர். ஆடாமலேயே அந்த ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று. ராபின்சன் உயிரோடிருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். மாணவர் ஒழுங்கைப் பெரிதாக மதித்தவர். அதே வேளையில் மாணவர்கள் பட்டினி கிடக்கக்கூடாதென்று தாமே உணவு கட்டியவர். 2016-இல் அக்குழு மீண்டும் கறுப்பினத்தவர் கல்லூரிகளின் தேசிய வாகையர் ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ராபின்சன் 2007 ஏப்ரல் 3-இல் காலமானார். இறுதி ஆண்டுகளில் நினைவிழப்பு நோய் அவரை வாட்டியது. 56 ஆண்டுகளாகத் தாம் எழுப்பிவிட்ட மாணவர்களின் பெயர்களை அந்நோய் ஒவ்வொன்றாகக் கொண்டுபோயிருக்கும். அவரது உடல் பேட்டன் ரூஜில் மாநிலச் சட்டமன்ற மாளிகையில் மக்கள் வணக்கத்திற்காக வைக்கப்பட்டது. இளைஞராக அவர் படிக்க விரும்பியிருந்தாலும் சேர்த்துக்கொள்ளாத மாநிலப் பல்கலைக்கழகமும் அதே நகரத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடியும்: சின்னப் பள்ளியில் நிறையச் சாதிக்கலாம். எனக்குள் எழுந்த வேறொரு கேள்வி இதுதான்: நாம் நன்றாகப் படிப்பித்து, நம் பிள்ளைகளை எந்தப் பள்ளியும் விரும்பி ஏற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதனாலேயே அவர்கள் நம் வகுப்பறையை விட்டுப் போனால் அது வெற்றியா, தோல்வியா? ராபின்சன் தம் ஆட்டக்காரர்களைப் பெரிய பல்கலைக்கழகங்களிடம் இழந்த ஆண்டுகளிலும் விடியற்காலையில் மணியடிப்பதை நிறுத்தவில்லை.

இக்கட்டுரையைத் தாளில் எடுத்து அந்தத் தந்தைக்குக் கொடுக்க எண்ணியுள்ளேன். அவருடைய இளைய மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். எந்தப் பள்ளியில் பதிந்திருக்கிறார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.